ஒரே மக்ரோ எல்லாருடைய கணனியிலும் ஓட வேண்டும்: நெல் கொள்வனவுக் கோப்புக்கு உதவி தேவை

மல்லாவிக் கணக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் பக்கத்துக் கமக்காரர் அமைப்புகள் சில சேர்ந்து நெல் வாங்குகின்றன. அதற்காக எக்செலில் ஒரு கோப்புச் செய்திருக்கிறேன். மல்லாவி, பாண்டியன்குளம், ஒட்டுசுட்டான், விசுவமடு, பரந்தன் ஆகிய இடங்களில் சேகரிப்பு நிலையங்கள் உள்ளன. அங்கே இருப்பவர்கள் மூட்டை, நிறை, ஈரப்பதன், விலை எல்லாவற்றையும் பதிந்து ஒரு பட்டனை அழுத்தினால் விவசாயிக்குப் பற்றுச்சீட்டு அச்சாகும். பின்னேரம் இன்னொரு பட்டனை அழுத்தினால் அன்றைய சுருக்கம் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமிக்கப்பட்டு எனக்கு ஈமெயிலில் வரும். நான் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பனவுப் பட்டியல் எடுப்பேன்.

பட்டனை அழுத்தினால் ஓடும் கட்டளைத் தொகுப்பைத்தான் மக்ரோ என்கிறேன். என் மடிக்கணனியில் ஒரு குறையும் இல்லை. வெளியே கொடுத்தால் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக நிற்கிறது. பாண்டியன்குளத்தில் திறந்தவுடன் மேலே சிவப்புப் பட்டை வருகிறது, மக்ரோவை அனுமதிக்கப் பட்டனே இல்லை. ஒட்டுசுட்டானில் பாதை கிடைக்கவில்லை என்று சொல்லி நிற்கிறது. விசுவமடுவில் லைப்ரரியைக் காணவில்லை என்கிறது. ஆனால் அது நிறம் தீட்டிக் காட்டுவது ‘லெஃப்ட்’ என்ற சாதாரண கட்டளையை. அதில் என்ன பிழை இருக்க முடியும்? பரந்தனில் முதல் நாள் ஓடியது, அடுத்த நாள் பிழை இலக்கம் 9. இதெல்லாம் தாண்டி என்னிடம் வந்து சேரும் சுருக்கங்களில் சில திகதிகள் மாறிக் கிடக்கின்றன.

காலபோக வெட்டு தொடங்க முன் இதைச் சரிப்படுத்த வேண்டும். தொடங்கிவிட்டால் உழவு இயந்திரப் பெட்டியில் மூட்டைகளோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அப்போது யாரும் பிழைச் செய்தி வாசித்துக்கொண்டு இருக்க முடியாது.

வற்றாப்பளை

அக்கா, சிவப்புப் பட்டையை நான் சொல்கிறேன். முல்லைத்தீவில் கணனி திருத்தும் கடை வைத்திருக்கிறேன், இதைக் கேட்டு வராத கிழமை இல்லை.

2022 இல் மைக்ரோசொப்ட் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. இணையத்தில் இருந்து வந்த கோப்பில் மக்ரோ இருந்தால் ஒபிஸ் அதை நேரடியாகத் தடுத்துவிடும். முன்பு மஞ்சள் பட்டையில் அனுமதிக்கும் பட்டன் இருந்தது. சிவப்புப் பட்டையில் அது இல்லை. கோப்பு எங்கே இருந்து வந்தது என்பதை விண்டோஸ் கோப்போடு ஒட்டி ஓர் அடையாளமாக வைத்திருக்கிறது. ஈமெயிலில் இருந்தோ வட்ஸ்அப் வெப்பில் இருந்தோ இறக்கிய கோப்புக்கு அந்த அடையாளம் விழும்.

இதில் ஆட்களைக் குழப்பும் விசயம் என்னவென்றால், அதே கோப்பைப் பென்டிரைவில் கொடுத்தால் சிவப்பு வராது. அந்த அடையாளம் என்டிஎஃப்எஸ் முறையில் போர்மட் செய்த டிஸ்கில் மட்டும்தான் நிற்கும். நாங்கள் பாவிக்கும் பென்கள் பெரும்பாலும் ஃபட்32 அல்லது எக்ஸ்ஃபட், அதில் ஏற்றும்போதே அடையாளம் கழன்றுவிடும். அதனால்தான் ஒட்டுசுட்டானுக்குப் பென்னில் கொடுத்தது திறந்திருக்கும், பாண்டியன்குளத்துக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியது திறந்திருக்காது. சரியா?

கைவேலை இதுதான்: கோப்பை மூடிவிட்டு, அதன் மேல் வலது கிளிக், புரொப்பர்டீஸ், ஜெனரல் பக்கத்தின் அடியில் ‘அன்புளொக்’ என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் சரி போட்டு ஓகே. சிப் கோப்பாக அனுப்பினால் விரிக்க முன்னமே சிப்புக்கு அன்புளொக் போடவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பதற்கும் அடையாளம் தொற்றும்.

நிலையான வழி, ஒவ்வொரு நிலையத்திலும் சி டிரைவில் ஒரு கோப்புறை போட்டு, அதை எக்செலின் டிரஸ்ட் சென்டரில் ‘டிரஸ்டட் லொக்கேசன்’ ஆகச் சேர்த்துவிடுவது. அங்கே இருக்கும் கோப்புக்கு எந்தப் பட்டையும் வராது. அந்தக் கோப்புறைக்குள் இந்த ஒரு கோப்பைத் தவிர வேறொன்றும் போடக்கூடாது.

தயவுசெய்து ‘எல்லா மக்ரோவையும் அனுமதி’ என்ற தெரிவை யாருக்கும் போட்டுக் கொடுக்காதீர்கள். என் கடைக்கு வரும் பென்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வைரஸோடு வருகின்றன. விவசாயிகளின் வங்கி இலக்கம் இருக்கும் கணனியில் அந்தக் கதவைத் திறந்து விடக்கூடாது.

பாலியாறு

தங்கச்சி, வற்றாப்பளைத் தம்பி சொன்னது முழுவதும் சரி. மற்றவற்றை நான் பார்க்கிறேன். கோட் பார்க்காமலே பாதியைச் சொல்லலாம், ஏனென்றால் ஒரு கணனியில் இருந்து இன்னொன்றுக்குப் போகும் மக்ரோக்கள் வழக்கமாக இந்த இடங்களில்தான் நிற்கும்.

ஒட்டுசுட்டான். உங்கள் கோடில் சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், டெஸ்க்டொப் என்று முழுப் பாதையும் எழுதி இருக்கும். மக்ரோவை ரெக்கோர்ட் செய்தால் எக்செல் அப்படித்தான் எழுதித் தரும். ஒட்டுசுட்டான் கணனியில் உங்கள் பெயரில் கணக்கு இல்லை, அதனால் அந்தப் பாதையும் இல்லை. முழுப் பாதையை எடுத்துவிட்டு ‘திஸ்வேர்க்புக்.பாத்’ போடுங்கள். மக்ரோ இருக்கும் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அதை அதுவே சொல்லும். சுருக்கம் அதே கோப்புறைக்குள் ஓர் உட்கோப்புறையில் விழட்டும். உட்கோப்புறை இல்லாவிட்டால் மக்ரோவே உருவாக்கட்டும்.

‘அக்டிவ்வேர்க்புக்’ என்று எழுதிய இடங்களையும் தேடிப் பாருங்கள். அது அந்த நேரம் முன்னால் திறந்திருக்கும் கோப்பைக் குறிக்கும். உங்கள் கணனியில் இந்தக் கோப்பு ஒன்றுதான் திறந்திருக்கும். நிலையத்தில் இருப்பவர் பக்கத்தில் வரவுப் பதிவையும் திறந்து வைத்திருப்பார். மக்ரோ அதற்குள் போய் எழுதத் தொடங்கினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, அதுதான் எனக்குப் பயம்.

விசுவமடு. அங்கே பழைய ஒபிஸ் இருக்கும், 2010 ஆக இருக்கலாம். நீங்கள் ஈமெயில் அனுப்ப அவுட்லுக் லைப்ரரியை (மக்ரோ இரவல் வாங்கும் கட்டளைத் தொகுதி) ‘ரெஃபரன்ஸ்’ பட்டியலில் சரி போட்டுச் சேர்த்திருப்பீர்கள். உங்கள் ஒபிஸில் அது 16.0. ஒபிஸ் 2010 இல் இருப்பது 14.0. பழைய பதிப்பில் சேர்த்தது புதியதற்குப் போனால் எக்செல் தானாக ஏற்றிக்கொள்ளும், புதியதில் சேர்த்தது பழையதற்கு இறங்காது. ரெஃபரன்ஸ் பட்டியலில் ‘மிஸ்ஸிங்’ என்று நிற்கும். ஒன்று மிஸ்ஸிங் ஆனால் போதும், மக்ரோ எழுதும் மொழியான விபிஏ மற்றப் பெயர்களையும் ஒழுங்காகத் தேட மாட்டாது. அதனால்தான் ‘லெஃப்ட்’, ‘மிட்’, ‘டேட்’ போன்ற கட்டளைகளில் நிறம் தீட்டிக் காட்டுகிறது. அந்தக் கட்டளையில் பிழை இல்லை.

வழி என்னவென்றால் ரெஃபரன்ஸையே கழற்றிவிட்டு, மாறிகளை ‘ஒப்ஜெக்ட்’ என்று அறிவித்து, ‘கிரியேட்ஒப்ஜெக்ட்’ மூலம் ஓடும் நேரத்தில் அவுட்லுக்கைக் கூப்பிடுவது. எந்தப் பதிப்பு இருக்கிறதோ அது வரும். அவுட்லுக்கின் மாறிலிப் பெயர்கள் அப்போது தெரியாது, ஆகவே ‘ஓஎல்மெயில்ஐட்டம்’ என்று இருக்கும் இடத்தில் அதன் பெறுமதி 0 ஐப் போடவேண்டும். எல்லா மொடியூலின் தலையிலும் ‘ஒப்சன் எக்ஸ்பிளிசிட்’ இருந்தால் இப்படி விடுபட்ட பெயர்களைக் கொம்பைல் செய்யும்போதே காட்டிக் கொடுக்கும்.

அவுட்லுக்கே இல்லாத கணனியில் 429 என்ற பிழை வரும். புதிதாக வரும் ‘நியூ அவுட்லுக்’ இருந்தாலும் பயன் இல்லை, அதை விபிஏயால் கூப்பிட முடியாது. ஆகவே ஈமெயில் போகவில்லை என்றால் மக்ரோ நின்றுவிடாமல் கோப்பைச் சேமித்துவிட்டு, கோப்பு இந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டட்டும். அவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

திகதி பெரிய விசயம், தனியாக எழுதுகிறேன்.

மல்லாவிக் கணக்கு

அண்ணா, மிக்க நன்றி. விசுவமடுவில் இருப்பது 2010 தான், இப்போதுதான் போன் எடுத்துக் கேட்டேன். ரெஃபரன்ஸைக் கழற்றியதும் ஓடியது.

திஸ்வேர்க்புக்.பாத் ஒட்டுசுட்டானில் சரி. ஆனால் பரந்தனில் அதே வரி பாதைக்குப் பதிலாக எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் இணைய முகவரியைத் தருகிறது. அதை வைத்துக் கோப்பைத் தேடும் ‘டிர்’ கட்டளை போட்டால் பிழை வருகிறது. அங்கே கோப்பு டெஸ்க்டொப்பில்தான் இருக்கிறது, இணையத்தில் இல்லை.

பாலியாறு

அந்தக் கணனியில் வன்டிரைவ் ஓடுகிறது. டெஸ்க்டொப்பை வன்டிரைவுக்குள் இழுத்து வைத்திருக்கும். வன்டிரைவோடு ஒத்திசைக்கும் கோப்புறைக்குள் இருந்து திறந்த கோப்புக்கு எக்செல் பல நேரம் டிஸ்க் பாதையைச் சொல்லாது, இணைய முகவரியைச் சொல்லும். டிர், எம்கேடிர், கில் எல்லாம் டிஸ்கில் வேலை செய்பவை, இணைய முகவரியில் விழுந்துவிடும்.

முகவரியைப் பாதையாக மாற்றுகின்ற நீளமான கோடுகள் கிடைக்கும். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. தம்பி சொன்ன சி டிரைவ் கோப்புறைக்குள் கோப்பை வையுங்கள், வன்டிரைவ் அங்கே வராது. மக்ரோ தொடங்கும்போது பாதையின் முதல் நான்கு எழுத்து எச்டிடிபியா என்று பார்த்து, ஆம் என்றால் ‘கோப்பை இந்தக் கோப்புறைக்கு மாற்றுங்கள்’ என்று சொல்லி நிறுத்திவிடட்டும்.

இனித் திகதி. இதில் அவசரப்பட வேண்டாம், காசு விசயம்.

எக்செல் கலத்துக்குள் திகதி என்பது ஓர் எண். 2024 பெப்ரவரி 3 என்றால் உள்ளே 45325. அது எந்தக் கணனியிலும் மாறாது. அந்தத் திகதி எழுத்தாக மாறும்போதும், எழுத்து மீண்டும் திகதியாகும்போதும்தான் சிக்கல். சிஎஸ்வி கோப்பில் 03/02/2024 என்று எழுத்தாகக் கிடக்கிறது. நீங்கள் அதை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் உங்கள் விண்டோஸ் அமைப்பின்படி பெப்ரவரி 3 என்று வாசிக்கும். அதே கோப்பை மக்ரோ ‘வேர்க்புக்ஸ்.ஓபன்’ மூலம் திறந்தால், உங்கள் விண்டோஸ் எந்த அமைப்பில் இருந்தாலும், அமெரிக்க முறைப்படி மார்ச் 2 என்று வாசிக்கும். கையால் திறந்து சரிபார்த்துவிட்டு, கோப்பில் பிழை இல்லை என்று நினைத்துக்கொண்டு இருப்போம்.

இப்போது உங்கள் சேர்க்கைப் பட்டியலைத் திறந்து திகதி நிரலைப் பாருங்கள். பெப்ரவரி 1 முதல் 12 வரை வாங்கியவை, 2 ஆம் திகதியைத் தவிர, வேறு மாதங்களில் போய் நிற்கும். 13 இல் இருந்து பிந்தியவை கலத்தின் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். 13 ஆம் மாதம் இல்லாததால் எக்செல் அவற்றைத் திகதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. நிரலை அகலமாக்கினால் கண்ணுக்கே தெரியும். மாதவாரியாகக் கூட்டினால் இடது பக்கம் நிற்பவை கூட்டலுக்குள் வரவே வராது. அந்த விவசாயிகளுக்குக் கொடுப்பனவு தவறும்.

‘லோக்கல்’ என்ற அளவுருவை உண்மை என்று கொடுத்துத் திறந்தால் உங்கள் கணனியின் அமைப்பின்படி வாசிக்கும். அது அரைத் தீர்வுதான், ஏனென்றால் நிலையத்துக் கணனி எந்த அமைப்பில் எழுதியது என்று உங்களுக்குத் தெரியாது. நிலையத்தில் எழுதும்போதே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-02-03 என்று எழுத வையுங்கள். இங்கே வாசிக்கும்போது அதை எழுத்தாக எடுத்து, மூன்றாக வெட்டி, ‘டேட்சீரியல்’ மூலம் திகதியாக்குங்கள். ‘சிடேட்’ வேண்டாம். சிடேட் ஒவ்வொரு கணனியிலும் அந்தந்த விண்டோஸ் அமைப்பைக் கேட்டுத்தான் முடிவு சொல்லும்.

நான் எழுதும் எந்த மக்ரோவிலும் பார்ப்பது இதைத்தான்: கணனியிடம் கேட்டுத் தெரிய வேண்டிய விசயம் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது வெளியூரில் ஓடும். பாதை, லைப்ரரி, திகதி முறை, பிரிண்டர் பெயர், எதையும் அந்தக் கணனியில் இருக்கும் என்று நம்பி எழுதக்கூடாது.

மல்லாவிக் கணக்கு

அண்ணா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. 13 இல் இருந்து எல்லாம் இடது பக்கம். போன சிறுபோகக் கணக்கையும் திறந்து பார்க்கப் போகிறேன்.

நெடுங்கேணி டீச்சர்

பரந்தனில் வரும் பிழை 9 பற்றி யாரும் சொல்லவில்லையே. பிள்ளை, அங்கே யாரோ தாளின் பெயரை மாற்றியிருப்பார்கள். எங்கள் பாடசாலைப் புள்ளிப் பட்டியலில் எனக்கு அடிக்கடி வருவது.

பரந்தன் சந்தி

ஓம் டீச்சர், நான்தான் மாற்றினேன். ஆங்கிலத்தில் ‘என்ட்ரி’ என்று இருந்தது. என்னோடு வேலை செய்பவருக்கு விளங்கவேண்டும் என்று ‘நெல் பதிவு’ என்று போட்டேன்.

நெடுங்கேணி டீச்சர்

அதில் ஒரு பிழையும் இல்லை. வேலை செய்பவருக்கு விளங்கும் மொழியில்தான் தாள் இருக்கவேண்டும். மக்ரோதான் அதற்கு இடம் கொடுக்கவேண்டும்.

ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு பெயர் உண்டு. கீழே தாவலில் தெரியும் பெயர் ஒன்று, யாரும் மாற்றலாம். விபிஏ எடிட்டரில் மட்டும் தெரியும் கோட்நேம் இன்னொன்று. புரொப்பர்டீஸ் சாளரத்தில் அடைப்புக்குறிக்குள் ‘நேம்’ என்று முதல் வரியில் இருப்பது அதுதான். கோடில் தாவல் பெயரை மேற்கோளுக்குள் எழுதாமல் கோட்நேமை நேரடியாக எழுதினால், தாவலைத் தமிழில் மாற்றினாலும் இடம் மாற்றினாலும் மக்ரோ நிற்காது.

தமிழ் என்று வந்தபடியால் இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். இதை யாரும் எழுதி வைப்பதில்லை.

விபிஏ எடிட்டர் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) தெரியாத பழைய எடிட்டர். அதற்குள் தமிழில் தட்டினால் கேள்விக்குறிகளாகத்தான் விழும். சாதாரண ‘மெசேஜ்பொக்ஸ்’ கட்டளையும் தமிழைக் கேள்விக்குறியாகத்தான் காட்டும். தமிழ்ச் செய்திகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துவிடுங்கள். காட்டும்போது அந்தக் கலத்தில் இருந்து எடுத்து ஒரு யூசர்ஃபோர்மில் (நாங்களே வடிவமைக்கும் பெட்டி) லேபலுக்குக் கொடுங்கள். லேபல் தமிழைச் சரியாகக் காட்டும். செய்தியைத் திருத்த வேண்டுமென்றாலும் கோடைத் தொடத் தேவையில்லை.

கோப்புறைக்கோ கோப்புக்கோ தமிழ்ப் பெயர் வைத்தால் டிர் கட்டளை அங்கேயும் விழும். அதற்குப் பதிலாக ‘ஃபைல்சிஸ்டம்ஒப்ஜெக்ட்’ பாவித்தால் தமிழ்ப் பெயரையும் எடுக்கும். அதையும் பாலியாறு அண்ணன் சொன்ன மாதிரிக் கிரியேட்ஒப்ஜெக்டால் கூப்பிடுங்கள்.

இனிப் பெயர்கள். உங்கள் விவசாயிகள் பட்டியல் எங்கே இருந்து வந்தது? பழைய பட்டியல் என்றால் பாமினி எழுத்துருவில் தட்டியதாக இருக்கும். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணனியில் அது ஆங்கிலக் குழப்பமாகத் தெரியும். யூனிகோடில் தட்டிய அதே பெயரோடு ஒருநாளும் பொருந்தாது. முழுப் பட்டியலையும் ஒரே தரம் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும். பெயரைத் தேடி எடுக்கும் விலுக்அப் சூத்திரம் அவற்றை இரண்டு பெயர் என்று எடுக்கும். ஒரே விவசாயிக்கு இரண்டு வரி வந்து, ஒன்றில் காசு, மற்றதில் வெறுமை என்று நிற்கும். ‘லென்’ சூத்திரம் போட்டு எழுத்து எண்ணிக்கையைப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

கனகராயன்

டீச்சர் சொன்னதோடு ஒன்று. பெயரை வைத்துத் தேடவே வேண்டாம், அடையாள அட்டை இலக்கத்தை வையுங்கள். எங்கள் ஊர்களில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உள்ளவர்கள் எத்தனை பேர்!

அதிலும் இரண்டு வகை உண்டு. பழையது 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும், புதியது 12 இலக்கம். ஒருவர் போன முறை பழைய அட்டையைக் காட்டியிருப்பார், இந்த முறை புதியதைக் கொண்டு வருவார். பழையதைப் புதிய வடிவுக்கு மாற்றுவது சுகம்: முன்னால் 19 போட்டு, பழையதின் முதல் ஐந்து இலக்கத்தை எழுதி, ஒரு 0 சேர்த்து, மிச்ச நான்கையும் எழுதி, கடைசி எழுத்தை விட்டுவிடுவது. பதியும் நேரத்திலேயே மக்ரோ மாற்றட்டும். அந்த நிரலை ‘டெக்ஸ்ட்’ ஆக வைத்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் 12 இலக்கத்தை எக்செல் ஈ என்ற எழுத்துப் போட்டுச் சுருக்கிக் காட்டும், சிஎஸ்வியில் சேமித்தால் அந்தச் சுருக்கம்தான் மிஞ்சும்.

மல்லாவிக் கணக்கு

அடையாள அட்டை யோசனை நல்லது, மாற்றுகிறேன்.

இன்னொன்று முளைத்திருக்கிறது. மல்லாவி நிலையத்துக்குப் புது மடிக்கணனி வாங்கியிருக்கிறார்கள். கோப்பைத் திறந்ததும் 64 பிட்டுக்குக் கோடைத் திருத்து என்கிறது. ‘ஸ்லீப்’ என்று விண்டோஸிடம் கேட்கும் ஒரு டிக்ளேர் வரி சிவப்பாக நிற்கிறது. பற்றுச்சீட்டுக்கு முன் கொஞ்சம் தாமதிக்கத்தான் அதை இணையத்தில் இருந்து எடுத்துப் போட்டேன்.

கனகராயன்

ஒபிஸ் 2019 இல் இருந்து வழமையாக நிறுவப்படுவது 64 பிட்தான், அதனால் புதுக் கணனியில் இது வரத்தான் செய்யும். டிக்ளேர் என்ற சொல்லுக்குப் பிறகு ‘பிடிஆர்சேஃப்’ சேருங்கள். ஒபிஸ் 2010 இல் இருந்து எல்லாப் பதிப்பும் இந்தச் சொல்லை அறியும், ஆகவே விசுவமடுவிலும் ஓடும். 2007 ஐயும் தாங்க வேண்டுமென்றால்தான் விபிஏ7 என்று சோதித்து இரண்டு விதமாக எழுதவேண்டும்.

சிலர் பிடிஆர்சேஃப் போட்டதோடு கண்ணில் பட்ட ‘லோங்’ எல்லாவற்றையும் ‘லோங்பிடிஆர்’ ஆக்கிவிடுகிறார்கள். அது பிழை. சாளரத்தின் கைப்பிடி, நினைவக முகவரி போன்றவைக்கு மட்டும்தான் லோங்பிடிஆர். ஸ்லீப்புக்குக் கொடுக்கும் மில்லிசெக்கன் வெறும் எண், அது லோங் ஆகவே இருக்கவேண்டும்.

உங்களுக்கு அந்த வரியே தேவையில்லை. ‘அப்ளிகேசன்.வெயிட்’ எக்செலுக்குள்ளேயே இருக்கிறது, ஒரு செக்கன் நிறுத்தப் போதும். வரியை அழித்துவிடுங்கள்.

திகதியைத் தெரிவு செய்ய நாட்காட்டிக் கட்டுப்பாடு ஏதும் ஃபோர்மில் போட்டீர்களா? பழைய டேட்பிக்கர் 32 பிட்டுக்கு மட்டும் உள்ளது, 64 பிட் ஒபிஸில் ஃபோர்மே திறக்காது. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கொம்போ பெட்டி வைத்தால் எங்கும் ஓடும். பாலியாறு அண்ணா சொன்ன டேட்சீரியலுக்கும் நேரே கொடுக்கலாம்.

பரந்தன் சந்தி

நான் கோட் எழுதுபவன் இல்லை, பட்டனை அழுத்துபவன். எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பிழை வந்தால் ஓர் ஆங்கிலப் பெட்டி, அதில் ‘என்ட்’, ‘டிபக்’ என்று இரண்டு பட்டன். எது சரி என்று எப்படித் தெரியும்? டிபக் அழுத்தினால் வேறு ஒரு சாளரம் திறந்து மஞ்சள் கோடு ஒன்று வருகிறது. எதையாவது கெடுத்துவிட்டேனோ என்ற பயத்தில் கணனியையே நிறுத்திவிடுவோம். அதுவரை பதிந்ததும் போய்விடும். வெளியில் ஆட்கள் காத்து நிற்பார்கள், லாண்ட்மாஸ்ரர் (இரு சக்கர உழவு இயந்திரம்) வாடகைக்குப் பிடித்து வந்தவர்களுக்கு நேரம் காசு.

எங்களுக்குத் தேவை ஒரு தமிழ் வசனம். பதிந்தது பத்திரமாக இருக்கிறதா இல்லையா, அடுத்து என்ன செய்யவேண்டும், யாருக்குப் போன் எடுக்கவேண்டும். இந்த மூன்றும் தெரிந்தால் எந்தப் பிழையையும் சமாளிப்போம்.

மற்றது, பற்றுச்சீட்டு அச்சாகும் பட்டன் எங்களிடம் வேலை செய்வதில்லை. மல்லாவியில் இருக்கும் அதே எப்சன் பிரிண்டர்தான் எங்களிடமும் இருக்கிறது.

பாலியாறு

பிரிண்டர் அதேதான், ஆனால் எக்செல் பிரிண்டரை அதன் பெயரோடு ‘ஒன் என்ஈ01’, ‘ஒன் என்ஈ03’ என்று போர்ட்டையும் சேர்த்துத்தான் கூப்பிடும். அந்த எண் கணனிக்குக் கணனி வேறு. தங்கச்சி, ‘அக்டிவ்பிரிண்டர்’ வரியை எடுத்துவிடுங்கள். முதல் தரம் பிரிண்டரைத் தெரிவு செய்யும் பெட்டியைக் காட்டி அவர்களே தெரிவு செய்யட்டும். தெரிவு செய்ததை ஒரு கலத்தில் எழுதி வைத்து அடுத்த முறை அதைப் பாவியுங்கள்.

பரந்தன் தம்பி சொன்னதை முதல் வேலையாகச் செய்யுங்கள். ஒவ்வொரு பட்டனின் மக்ரோவும் முதல் காரியமாகக் கோப்பைச் சேமிக்கவேண்டும். ‘ஒன் எரர் கோடூ’ (On Error GoTo) போட்டு எல்லாப் பிழையும் ஒரே இடத்துக்கு வரட்டும். அங்கே இரண்டு வேலை: ஆளுக்குத் தமிழில் ஒரு வசனம், உங்களுக்கு ஒரு பதிவு. பதிவு என்றால் ‘நிலைமை’ என்று ஒரு தாளில் பிழை இலக்கம், எந்த மக்ரோ, ஒபிஸ் பதிப்பு, 32 ஆ 64 ஆ, கோப்பின் பாதை, விண்டோஸின் திகதி வரிசை. கடைசியை ‘அப்ளிகேசன்.இன்டர்நெசனல்’ சொல்லும். திகதி வரிசைக்கு 0 என்றால் மாதம் முன்னால், 1 என்றால் நாள் முன்னால், 2 என்றால் ஆண்டு முன்னால். அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினால் போதும், நீங்கள் விசுவமடு வரை போகத் தேவையில்லை.

பதிப்பு இலக்கத்தை மட்டும் நம்பவேண்டாம். 2016, 2019, 2021, 365 எல்லாம் 16.0 என்றுதான் சொல்லும். ‘எக்ஸ்லுக்அப்’, ‘ஃபில்டர்’ போன்ற சூத்திரங்கள் 2021 இலும் 365 இலும் உண்டு, 2016 இல் இல்லை. இலக்கத்தைப் பார்த்து இருக்கும் என்று முடிவு செய்ய முடியாது. இன்டெக்ஸ், மட்ச் இரண்டையும் வைத்து எழுதினால் 2010 இலும் ஓடும்.

வற்றாப்பளை

இவ்வளவு பாடுபடுவதைவிடக் கூகுள் சீட்ஸுக்குப் போகலாமே? ஸ்கிரிப்ட் அவர்களின் சேர்வரில் ஓடும், கணனி எதுவானாலும் பிரச்சினை இல்லை.

மல்லாவிக் கணக்கு

யோசித்தேன் தம்பி. களஞ்சியத்துக்குள் சிக்னல் நிலையாக இல்லை, மழை என்றால் சொல்லவே வேண்டாம். பற்றுச்சீட்டு அந்த இடத்திலேயே கையில் கொடுக்கவேண்டும், ‘பிறகு அனுப்புகிறோம்’ என்று சொல்லி ஒருவரின் நெல்லை வாங்கி வைக்க முடியாது. விபிஏ கோட் கூகுள் சீட்ஸில் ஓடாது, எல்லாம் புதிதாக எழுதவேண்டும். என்னிடம் வந்து சேர்ந்த சுருக்கங்களை வைக்க வேண்டுமானால் கூகுள் பாவிக்கலாம்.

இதுவரை செய்தவை: கோப்பு எல்லா நிலையத்திலும் சி டிரைவில் ஒரே பெயருள்ள கோப்புறையில், டிரஸ்டட் லொக்கேசன் ஆக. ரெஃபரன்ஸ் எல்லாம் கழற்றியாயிற்று. திகதி ஆண்டு முன்னால். தாள்கள் கோட்நேமில், தாவல் பெயர் எல்லாம் தமிழில். நிலைமைத் தாளும் தமிழ் வசனங்களும் போட்டாயிற்று. பாண்டியன்குளத்தில் இருந்தும் விசுவமடுவில் இருந்தும் நேற்றைய சுருக்கம் ஒழுங்காக வந்தது. பரந்தனில் பிரிண்டர் தெரிவுப் பெட்டி வந்து பற்றுச்சீட்டு அச்சானது. சிறுபோகக் கணக்கில் திகதி மாறியிருந்தவற்றை எடுத்து, கொடுப்பனவு பிந்தியவர்களின் பட்டியலைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

ஒட்டுசுட்டானில் ஒருவர் தன் சொந்த மடிக்கணனியில் லிப்ரஒபிஸ் வைத்திருக்கிறார். அதில் ஓடுமா?

கனகராயன்

பாதி ஓடும். லிப்ரஒபிஸுக்கு விபிஏ கொஞ்சம் விளங்கும். கலத்தில் எழுதுவது, கூட்டுவது போன்றவை போகும். யூசர்ஃபோர்ம், அவுட்லுக், பிரிண்டர் தெரிவு எல்லாம் அங்கே சந்தேகம். அவரைப் பதிவு மட்டும் செய்யவிட்டு, பற்றுச்சீட்டை நிலையத்துக் கணனியில் எடுக்கச் சொல்லுங்கள். சேமிக்கும்போது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமிக்கவேண்டாம் என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள், மக்ரோ முழுவதும் கழன்றுபோகும். எக்ஸ்எல்எஸ்எம் ஆக வைத்தாலும் லிப்ரஒபிஸில் சேமித்த பிரதியை மூலக் கோப்பாகத் திருப்பி எடுக்காதீர்கள். தரவை மட்டும் பிரதி செய்து உங்கள் கோப்புக்குள் ஒட்டுங்கள்.

போனில் எக்செல் வைத்துத் திறப்பவர்களுக்கும் இதையே சொல்லுங்கள். பார்க்கலாம், பதியலாம், பட்டன் வேலை செய்யாது.

மல்லாவிக் கணக்கு

சரி, அப்படியே செய்கிறேன். வெறும் கோப்பை, விவசாயிகளின் விபரம் எல்லாம் எடுத்துவிட்டு, இந்தக் கிழமைக்குள் இங்கே போடுகிறேன். வேறு ஊர்களில் நெல், உழுந்து, கச்சான் வாங்குபவர்களுக்கும் உதவும். நிலைமைத் தாளில் ஏதாவது பிழை இலக்கம் வந்தால் படத்தோடு இங்கேயே எழுதுங்கள்.